மற்றப் படகுகள்

முதல் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. இரண்டாம் மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதற்குள் எழுந்து போய்க் கோயில் வாசலில் வைத்திருக்கும் மரப்பெட்டியிலிருந்து அந்தக் கவரை எடுத்துவிடலாம், எடுக்க முடியாது, பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி சபைச் செயலாளரிடம், அவர் இந்நேரம் பெட்டியைத் திறந்து ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தட்டிச் சரிபண்ணிக்கொண்டிருப்பார், பிறந்தநாள் கவர், கல்யாண நாள் கவர், ஆபரேஷன் நல்லபடி முடிந்த கவர், நடுவே எங்கேயோ கிருபாவின் கவர். பிரசங்கத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்ததும் அந்தக் குடும்பம் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட வேண்டும், குருவானவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும், அது எங்கள் சபையின் வழக்கம். நான் போகப்போவதில்லை. போகமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். காலையில் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் அடுக்களை மேடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னத்த எழுதுத என்றேன். கவர் என்று நீட்டினாள். மகன் ஷெல்டன் கடல் ஆபத்துக்குத் தப்பி சுகமாய் வீடு வந்து சேர்ந்ததற்காக ஸ்தோத்திரம், மாசிலாமணி கிருபாவதி குடும்பம். வாசித்த மாத்திரத்தில் என் கால் தானாக உள்ளறைப் பக்கம் போய்விட்டது. குப்புறப் படுத்திருப்பான், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கும், முதுகில் கப்பல் எண்ணெய் வாடை இருக்கும், எழுப்பக் கூடாது, சும்மா நின்று பார்க்க வேண்டும். கட்டிலில் மடித்து வைத்த துணிதான் இருந்தது. திரும்பி வந்து, "வந்துட்டானா?" என்றேன், பதில் தெரிந்தும். "வருவான்." "அப்ப வருவான்னு எழுது." "வருவான்னு எழுதுனா அது விண்ணப்பம். வந்துட்டான்னு எழுதுனாத்தான் ஸ்தோத்திரம்." "அது பொய்லா, கிருபா." "உங்களுக்குப் பொய். எனக்கு முந்தியே கிடைச்சிட்டு." கேட்கும்போதே கிடைத்துவிட்டது என்று நம்ப வேண்டுமாம், அப்படி நம்புகிறவர்களுக்குத்தான் கிடைக்குமாம், அவளோடு கூடிக்கூடி ஜெபிக்கிற பெண்களெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். சபை முழுக்க உன் மகனை எங்கேன்னு கேப்பாவளே என்றேன். கேக்கட்டும் என்றாள். நான் எந்திச்சு வரமாட்டேன் என்றேன். வரவேண்டாம், நான் தனியாப் போய்க்கிடுதேன் என்று சொல்லி, கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து, மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். அந்த அழுத்தலில் ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் மணி. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் பீடம்வரை போகும் நடைபாதை, அதற்கு அப்பால் நாலாவது பெஞ்சின் ஓரத்தில் கிருபாவின் முக்காட்டு நுனி மட்டும் எனக்குத் தெரிகிறது, நீலப் புடவை, ஷெல்டன் முதல் பயணத்தில் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்த துணி, புடவை என்று அவன் நினைத்து வாங்கினான், பார்த்தால் ஜன்னல் திரைத்துணி, அவள் ஓரம் அடித்துப் புடவையாகவே கட்டிக்கொண்டாள், கொடுத்தவன் சொன்னதுதான் அவளுக்குக் கணக்கு. யாரோ என்னை இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். பாக்கியநாதன் அண்ணாச்சி. பஸ் கண்டக்டராயிருந்து ஓய்வு பெற்றவர், ஆளை நகர்த்தி உட்காரவைக்கும் தோரணை மட்டும் ஓய்வு பெறவில்லை. "உள்ள தள்ளு மாசிலா, ஃபேனுக்குக் கீழ இடம் கிடக்குல்லா. ராத்திரி டூட்டியா? கண்ணு ரெண்டும் கோவப்பழமா இருக்கு." "ஆமா அண்ணாச்சி." "பிரசங்கத்துல குறட்டை விட்டேன்னு வையி, விசில் அடிச்சு இறக்கி விட்ருவேன்." நான் சிரித்தேன் போலிருக்கிறது. அவருடைய சட்டைப் பையில் அந்த போன் இருக்கிறது. அதில்தான் முதன்முதலாகக் கப்பல்களைக் காட்டினார், கடல் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி சின்னச் சின்ன அம்புக்குறிகள், ஒவ்வொன்றும் ஒரு கப்பலாம், இந்தா பாரு, இது உன் மகன் போற கோதுமைக் கப்பல் என்று விரல் நகத்தால் தொட்டார். பச்சை அம்பு. அதற்குள் என் மகன் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறான். அதன்பிறகு தினமும் சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் நின்று அந்த அம்பைப் பார்த்துவிட்டுத்தான் போவேன், பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. கரையில் சண்டை நடக்கிற ஒரு ஒடுக்கமான கடலுக்குள் நுழையும் இடத்தில் அம்பு நின்றுவிட்டது. நிறம் மங்கிச் சாம்பலாகிவிட்டது. பயப்படாத தம்பி, கருவியை அணைச்சு வச்சிருக்காவ, கரையில இருந்து ராக்கெட் விடுதானுவல்லா, அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு அணைச்சா நமக்கும் தெரியாது, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான். எதிரிக்குத் தெரியாமல் ஒளிந்தால் தகப்பனுக்கும் தெரியாமல்தான் ஒளிய முடியும். கடைசியாக அவன் பேசியதும் அதையேதான். "அப்பா, தூங்குனீங்களா?" எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பான். "ஒரு நாலஞ்சு நாள் பேச முடியாதுப்பா, லைட்டெல்லாம் அணைச்சிட்டுப் போகணும்னு கேப்டன் சொல்லியிருக்கார். அம்மாட்ட சொல்லாதீங்க." அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அவளுக்காகத்தான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நாலஞ்சு நாள் என்றான், அதற்குப் பிறகு இது இரண்டாவது ஞாயிறு. மும்பையில் ஏஜென்ட் ஆபீசுக்கு போன் செய்தால் ஒரு பெண்பிள்ளை எடுக்கிறது, நல்ல குரல். கப்பல் பத்திரமா இருக்கு அங்கிள். எப்படிம்மா தெரியும்? தகவல் ஒண்ணும் வரலைன்னா பத்திரம்னுதானே அங்கிள் அர்த்தம். அந்தப் பிள்ளையும் கிருபாவும் ஒரே ஜாதி, காணாததை வைத்துக்கொண்டு கண்டதுபோலப் பேசுகிறார்கள், நான் ஒருவன்தான் காணாததைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டு அலைகிறேன்.

பாட்டு முடிந்து உட்கார்ந்தோம், பாவ அறிக்கைக்கு முழங்கால் போட்டோம், எழுந்தோம், வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போகிறது, கண்ணுக்குள் மணல். ஃபேன் நீளக் கம்பியில் ஆடி ஆடிச் சுற்றுகிறது, அந்தச் சத்தம் ஐஸ் கம்பெனி மெஷின் சத்தம் மாதிரியே வந்து காதை அடைக்கிறது. நான் எங்கே போனாலும் அந்தச் சத்தம் கூட வருகிறது, இருபது வருஷத்துக்கு மேல் அதோடு விழித்திருந்தவனுக்கு அது நின்றால்தான் பயம், நின்றால் டின்கள் முங்கிக் கிடக்கிற உப்புத்தண்ணித் தொட்டி சூடாகும், டின்னுக்குள் ஐஸ் கட்டி நெகிழும். யாரோ பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கிறார், இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று முழுக்கப் பெயர்கள், ஒவ்வொரு பெயரிலும் தடுக்கி விழுந்து எழுந்து நடக்கிறார் பாவம், எத்தனை தகப்பன்மார், அத்தனை பேரும் பிள்ளையை எங்கேயாவது அனுப்பிவிட்டு வழி பார்த்துக்கொண்டுதான் செத்திருப்பார்கள். எனக்கு அந்தப் படகுக் கதை ஞாபகம் வருகிறது. வேலையிலும் அதுதான் வரும், கட்டி உறைகிற வரைக்கும் செய்ய ஒன்றும் இருக்காது, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கின அட்டையில்லாத புத்தகங்களைப் புரட்டுவேன், நட்சத்திரம், நில அதிர்ச்சி, யானை, எது கிடைத்தாலும், கடைசியில் கை வேதப்புத்தகத்துக்குத்தான் போகும், அதிலும் அந்தப் படகுக்கு. புயல் அடிக்கிறது, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, கூட இருந்தவர்கள் எல்லாம் அலறுகிறார்கள், கர்த்தர் மட்டும் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எல்லாரும் அவர் எழுந்து காற்றை அதட்டிப் புயல் நின்றதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அந்தத் தூக்கம்தான். அது என்ன தலையணை, பஞ்சா, சுருட்டிவைத்த பாயா, வலைக்கயிறா, தலையில் அழுந்திக் கன்னத்தில் வரி விழுந்திருக்குமா. அப்படி ஒரு தூக்கம் எனக்குக் கிடைத்ததே இல்லை. ராத்திரி விழிக்கிறவன் பகலில் தூங்குவது தூக்கம் இல்லை, வெளிச்சத்தைக் கண்ணால் மூடிக்கொண்டு கிடப்பது. அப்போதெல்லாம் கிருபா ஜன்னலுக்குக் கோணி கட்டுவாள், குக்கர் வைக்கமாட்டாள், சின்னவனாயிருந்த ஷெல்டனிடம் அப்பா தூங்குதாவ, சத்தம் கூடாது என்று சொல்லிச் சொல்லி அவன் சத்தமில்லாமல் சிரிக்கப் பழகிவிட்டான். வாயைத் திறந்து, தோள் குலுங்க, ஒரு ஒலியும் வராமல். பெரியவனான பிறகும் அப்படித்தான் சிரிக்கிறான். நான் கோணி ஓட்டை வழியாக வரும் வெளிச்சத்தில் ஒரு கண்ணைத் திறந்து அவன் சிரிப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வேன், அப்போது கொஞ்சம் தூக்கம் வரும், பிள்ளை அறைக்குள்தான் இருக்கிறான் என்ற தைரியத்தில் வருகிற தூக்கம். அந்த அறை எங்கே இருக்கிறது இப்போது. கப்பலில் லைட்டை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் சத்தமும் கூடாது என்று சொல்லியிருப்பார்களோ, சொன்னால் என் மகனுக்குக் கஷ்டமே இல்லை, அதற்குத்தான் வளர்த்தோம். அந்தப் படகுக் கதையில் ஒரு வரி இருக்கிறது, யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. அவரோடு வேறு சில படகுகளும் போயின என்று. அதோடு சரி, பிறகு அந்தப் படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே கடல், அதே காற்று. ஆனால் அந்தப் படகுகளில் அவர் இல்லை, எழுப்ப ஆள் இல்லை, அலறினால் கேட்க ஆள் இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள்? என் மகன் அந்த மற்றப் படகுகளில் ஒன்றில் அல்லவா இருக்கிறான். கிருபா இந்தப் படகில் உட்கார்ந்துகொண்டு அவர் தூங்குகிறார், எழுந்திருப்பார் என்று நிம்மதியாக இருக்கிறாள், நான் ஓரத்தில் நின்று இருட்டில் அந்த மற்றப் படகுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்பு இல்லாத படகுகள். அதட்டினது இந்தப் படகில் நின்றுதான். ஆனால் காற்று நின்றது என்றால் இந்தப் படகுக்கு மட்டுமா நின்றிருக்கும்? அமைதி வந்தது என்றால் கடலுக்கு முழுக்கத்தானே வந்திருக்கும். அவர்களுக்கும்தான், ஏன் என்றே தெரியாமல், யார் சொல்லி என்றே தெரியாமல், ஈரத்துணியோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. இது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறதா, முன்பே தோன்றி மறந்ததா. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் இளகுகிறது, உடனே இறுகிக்கொள்கிறது, அது கதை, இது ராக்கெட், கதையில் காற்றைத்தான் அதட்டினார், மனுஷன் விடுகிற நெருப்பை யார் அதட்டுவது. "ஏ மாசிலா," அண்ணாச்சி விலாவில் இடிக்கிறார், "தூங்குதியா, ஜெபம் பண்ணுதியா?" "ரெண்டுக்கும் நடுவுல அண்ணாச்சி." "நடுவுல நின்னா டிக்கெட் கிடையாது, ஒண்ணு ஏறு, இல்ல இறங்கு."

செயலாளர் எழுந்து நிற்கிறார். கையில் கவர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், துடைக்கட்டும், இன்னும் துடைக்கட்டும். முதல் கவர் ஒரு பிறந்தநாள், ஒரு குடும்பம் போய் முழங்கால் போட்டு எழுந்து வருகிறது. இரண்டாவது புது வீடு, அவர்களும் போய் வந்தாயிற்று. நான் கிருபாவின் முக்காட்டு நுனியையே பார்க்கிறேன், அது அசையவில்லை. எங்கள் கவர் தொலைந்திருக்கலாம், பெட்டியின் இடுக்கில் சிக்கியிருக்கலாம், நாக்கால் ஒட்டினது பிரிந்து, மகன் ஷெல்டன், செயலாளர் வாசிக்கிறார், கடல் ஆபத்துக்குத் தப்பி, சுகமாய், வீடு வந்து சேர்ந்ததற்காக. கோயிலுக்குள் ஒரு பெருமூச்சு போகிறது, சந்தோஷப் பெருமூச்சு, டிவியில் அந்தக் கடலைப் பார்த்தவர்கள் எல்லாரும், தலைகள் திரும்புகின்றன, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டுகிறார்கள். பாக்கியநாதன் அண்ணாச்சியின் கண் நிறைந்துவிட்டது. "எப்பல வந்தான்? என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. நான் நேத்து ராத்திரிகூடப் பாத்தேன், அம்பு அங்கனயே நிக்கி." நான் அவரைப் பார்க்கவில்லை. கிருபா எழுந்துவிட்டாள். தனியாக நடைபாதைக்கு வந்து, இந்தப் பக்கம் திரும்பாமல், பீடத்தைப் பார்த்து நடக்கிறாள். அந்தத் திரைத்துணிப் புடவை, பித்த வெடிப்புக் குதிகால், எல்லாரும் பார்க்க. நான் உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ராத்திரி வேலைக்காரன், அசந்து தூங்கிவிட்டான் என்பார்கள். ஆனால் நான் எழவில்லை என்றால் நான் ஒன்று சொன்னதாகிவிடும். வாயால் சொல்லாததை, எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, வரமாட்டான் என்று. எழுந்தால் வந்துவிட்டான் என்று பொய். இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் இல்லையா கர்த்தாவே. மெஷின் சத்தம் காதுக்குள் ஓடுகிறது. விடிவதற்கு முன்னால் விசைப்படகுகள் எங்கள் ஐஸ் கம்பெனி வாசலுக்கு ஆள் அனுப்பும், கட்டிகளை அரவை மெஷினில் தள்ளுவோம், பொடிந்து வெள்ளையாகக் கொட்டும், வண்டி வண்டியாகக் கொண்டுபோய்ப் படகின் வயிற்றுக்குள் நிரப்புவார்கள். மீன் எங்கே? மீன் இன்னும் கடலில் கிடக்கிறது, எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கிடைக்குமா என்பதும் தெரியாது, வெறுங்கையாகத் திரும்பிய நாள் எத்தனையோ. ஆனாலும் வருகிற மீனுக்கு இடம் குளிராக இருக்க வேண்டும் என்று முந்தியே நிரப்பிக்கொண்டுதான் போவார்கள், ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போகிறவனைப் பார்த்தால்தான் நாங்கள் சிரிப்போம், இவன் மீனுக்குப் போகல, காத்து வாங்கப் போறான் என்று. அதை இத்தனை வருஷம் நான் பொய் என்று நினைத்ததில்லை. ஒரு படகுக்காரனிடமும், மீனைக் காட்டு, பிறகு ஐஸ் தருகிறேன் என்று சொன்னதில்லை. அவள் பீடத்துப் படியை எட்டிவிட்டாள். என் முழங்கால் நிமிர்ந்துவிட்டது, நான் சொல்லித்தானா என்று தெரியவில்லை. "வழி விடுங்க அண்ணாச்சி." அவர் காலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார், கேள்வி இன்னும் முகத்திலேயே நிற்கிறது. நடைபாதை நீளம். உப்புத்தண்ணியில் வெளுத்த என் விரல்களை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, பிணைத்துக்கொண்டேன். பீடத்துக்கு முன்னால் இருந்த கம்பியழி ஓரத்தில் கிருபாவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவள் திரும்பவில்லை. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். அழியைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது, விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. காலையில் கவரை அழுத்தி ஒட்டிய அதே கை. நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்தேனே. படகின் ஓரத்தில்தான் அவளும் நின்றிருந்திருக்கிறாள், நான் ஒரு பக்கம் என்றால் அவள் மறுபக்கம், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு. குருவானவர் குனிந்தார், அங்கியில் மாட்டியிருந்த மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெதுவாக, சந்தோஷமாக, "எப்ப வந்தான்மா?" என்று கேட்டார். கிருபா வாயைத் திறந்தாள். இன்னொரு தடவை திறந்தாள். அவள் கைமேல் என் கையை வைத்தேன், ஐஸ் மாதிரி இருந்தது, அதை எனக்குத் தெரியும், அந்தக் குளிர் எனக்குப் பழக்கம். "இன்னும் வரல ஐயா," என்றேன். "நன்றி சொல்ல நாங்க முந்தி வந்துட்டோம்." அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கவரில் எழுதியிருந்ததை மனசுக்குள் ஒருதடவை வாசித்திருப்பார் போல. கோபிப்பார் என்று நினைத்தேன். மைக்கிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் எங்கள் தலைகளில் வைத்தார், கனமான கைகள். "இன்னும் வந்து சேராத ஷெல்டனுக்காக," என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார், "வந்து சேர்ந்ததுபோல நன்றி சொல்லுகிற இந்தத் தாய் தகப்பனோடு நாங்களும் சேர்ந்து நன்றி சொல்லுகிறோம். அந்தக் கடலில் இருக்கிற எல்லாருக்காகவும், எங்களுக்குத் தெரியாத ஒவ்வொருவருக்காகவும்." சபை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது, பிறகு ஆண்கள் பக்கத்தில் ஒரு ஆமென் தனியாக, தடித்த குரலில், பஸ்ஸின் பின்படிக்கட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தது, அதன் பின்னால் மற்ற ஆமென்கள் ஒன்றொன்றாக வந்து சேர்ந்தன. எனக்கு மகன் வந்துவிட்டான் என்று தோன்றவில்லை. வருவான் என்றுகூடத் தோன்றவில்லை. கிருபாவின் கை என் கைக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் விட்டுக்கொண்டிருந்தது, அது மட்டும் தெரிந்தது. அழிமேல் சிவப்பு வெல்வெட் பொதிந்த மெத்தை ஓடியிருந்தது, பழைய மெத்தை, எத்தனையோ பேருடைய முழங்கை அழுந்திக் குழிந்தது. நெற்றியை அதன்மேல் வைத்தேன். தூசி வாடையும் யாரோ போட்ட பவுடர் வாடையும் வந்தது. எங்கேயோ ஒரு கப்பல் லைட்டை அணைத்துவிட்டுப் போகிறது, உள்ளே ஒருவன் வாய் திறந்து சத்தமில்லாமல் எதற்கோ சிரிக்கிறான், பக்கத்திலேயே ஒரு படகு, அதில் தலையணை வைத்துத் தூங்குகிறவர் தூங்கட்டும், அவரை நான் எழுப்பப்போவதில்லை, அவர் தலையணையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடந்தால் போதும், ஒரு ஓரம். கன்னத்தில் வெல்வெட்டின் வரி விழுவது தெரிகிறது. இமை தானாக மூடுகிறது, இந்தத் தடவை வெளிச்சத்தை மறைக்க அல்ல. "எந்திங்க," கிருபா என் காதுக்குள் சொல்கிறாள், "எல்லாரும் பாக்காவ." இரு கிருபா. இன்னும் கொஞ்ச நேரம்.